நீடித்த மேம்பாடு: பேராக் மண்ணில் நாம் படிக்க வேண்டிய நான்கு பாடங்கள்

"நீடித்த மேம்பாடு" என்ற சொல் இப்போது எல்லா இடத்திலும் கேட்கிறது. பல்கலைக்கழகப் பாடத்தில் வருகிறது, நகராண்மைக் கழகப் பதாகையில் வருகிறது, வங்கி விளம்பரத்தில்கூட வருகிறது. நம்ம இளைஞர் இயக்கங்களும் சும்மா இல்லை. கோயில் திருவிழாவில் துணிப்பை கொடுக்கிறோம், ஆற்றோரம் கோத்தோங் ரோயோங் நடத்துகிறோம், மரக்கன்று நட்டுப் படம் எடுத்துப் போடுகிறோம். எல்லாம் நல்ல காரியம்தான், யாரும் நிறுத்த வேண்டாம்.

ஆனா இந்தக் கருத்து அதோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு திட்டம் வரும்போது இலாபம் யாருக்கு, செலவு யார் தலையில், அந்தச் செலவு எத்தனை காலத்துக்கு நீளும் என்று கேட்பதுதான் நீடித்த மேம்பாட்டின் உயிர். அப்படிப் பார்த்தால் இது ஒரு கணக்குப் பாடம். அந்தக் கணக்கைப் படிக்கப் பேராக்கை விட நல்ல வகுப்பறை கிடைப்பது கடினம். ஈயம், ரப்பர், செம்பனை, சுண்ணாம்புக்கல் என்று 150 ஆண்டுகளாக இந்த மண்ணிலிருந்து எடுத்திருக்கிறார்கள். எடுத்த கைகளில் நம் தாத்தா பாட்டிகளின் கைகளும் உண்டு. அதனால் இந்த மாதப் பாடத்தை நம் ஊரை வைத்தே படிப்போம்.

சொல் எங்கிருந்து வந்தது?

1713-ஆம் ஆண்டு ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ் என்ற அதிகாரி காட்டு வளம் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் வனத்துறைக்காரர் இல்லை. சுரங்க நிர்வாகி. வெள்ளித் தாதுவை உருக்க விறகு வேண்டும். காடு தீர்ந்து போனால் சுரங்கமும் படுத்துவிடும். ஆகவே வளர்கிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்று அவர் வாதிட்டார். "நீடித்த" என்ற சொல் இந்தப் பொருளில் புழக்கத்துக்கு வந்தது அப்படித்தான்.

உலக அளவில் இந்தப் பேச்சு 1972-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் சூடு பிடித்தது. 1987-இல் நோர்வேயின் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் அம்மையார் தலைமையிலான ஐ.நா. ஆணையம் தன் அறிக்கையில் ஒரு விளக்கம் தந்தது. இன்று வாழ்பவர்களின் தேவை நிறைவேற வேண்டும், ஆனால் பின்னால் வருபவர்கள் தங்கள் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பு அதனால் கெட்டுவிடக் கூடாது என்பது அதன் சாரம். 1992 ஜூனில் ரியோ டி ஜெனீரோவில் கூடிய நாடுகள் 27 கோட்பாடுகளை ஏற்றன. 2015-இல் ஐ.நா. 17 இலக்குகளை வகுத்து, 2030-க்குள் எட்ட வேண்டும் என்றது. பள்ளிச் சுவர்களில் வண்ண வண்ணக் கட்டங்களாக நாம் பார்ப்பது அந்த 17 இலக்குகளைத்தான்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தியடிகளின் கிராமத் தொழில் பணிக்குத் துணையாக நின்ற பொருளாதார அறிஞர். சிறையில் இருந்தபடி எழுதி 1945-இல் வெளிவந்த நூலில் "நிலைத்திருக்கும் பொருளாதாரம்" என்ற கருத்தை அவர் விளக்கினார். காடு, பயிர் போல வந்துகொண்டே இருக்கும் வளத்தை ஓடும் நீருக்கு ஒப்பிட்டார். நிலக்கரி, எண்ணெய், உலோகம் போல எடுக்க எடுக்கக் குறையும் வளத்தைத் தேக்கி வைத்த நீருக்கு ஒப்பிட்டார். இரண்டையும் ஒரே மாதிரி செலவு செய்யக் கூடாது என்பது அவர் கருத்து. புருண்ட்லாண்ட் அறிக்கைக்கு 42 ஆண்டுகள் முந்தியது இது.

கடன் என்று பார்க்கும் பார்வை

நம் மரபில் மனிதன் கடனோடுதான் பிறக்கிறான் என்ற கருத்து உண்டு. தேவர்களுக்கு ஒரு கடன், ரிஷிகளுக்கு ஒரு கடன், முன்னோருக்கு ஒரு கடன். தைத்திரீய சம்ஹிதை போன்ற பழைய நூல்களிலேயே இது வருகிறது. இதில் முன்னோர் கடனைக் கொஞ்சம் கவனியுங்கள். பெற்றவர்களுக்கும் பாட்டன் பூட்டனுக்கும் பட்ட கடனை அவர்களிடமே திருப்பிக் கொடுத்து முடிக்க முடியாது. அடுத்த தலைமுறையைப் பெற்று வளர்த்து, அவர்களிடம்தான் அடைக்க வேண்டும். முன்னால் போனவர்களிடம் வாங்கியதைப் பின்னால் வருபவர்களுக்குக் கொடுப்பது என்ற இந்த ஏற்பாடு, புருண்ட்லாண்ட் அறிக்கை சொன்ன தலைமுறை நீதிக்கு மிக நெருக்கமானது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். "எல்லாம் நம்ம சாஸ்திரத்துலயே இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடக் கூடாது. கடன் இருக்கு என்று தெரிந்தால் மட்டும் போதாது. எவ்வளவு கடன், எந்தக் கணக்கில், யார் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்குக்கு உதவும் மூன்று விதிகளை ஹெர்மன் டேலி என்ற பொருளாதார அறிஞர் 1990-இல் வகுத்தார்.

1. வளரும் வளத்தை, அது திரும்ப வளரும் வேகத்துக்கு மேல் எடுக்காதே.
2. தீரும் வளத்தை, அதற்கு ஈடான வேறொன்றை உருவாக்கும் வேகத்துக்கு மேல் செலவழிக்காதே.
3. கழிவை, இயற்கை செரிக்கும் அளவுக்கு மேல் கொட்டாதே.

மூன்றுக்கும் நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது.

முதல் பாடம்: பால் மரமும் மாத்தாங் காடும்

ரப்பர் மரம் 1877-இல் பேராக்குக்கு வந்தது. பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்ட மரங்களில் ஒன்று இன்றும் அந்தப் பட்டணத்தில் நிற்கிறது. ஆனால் மரம் வந்ததும் தொழில் வந்துவிடவில்லை. அமேசான் காட்டில் அந்த மரத்தைச் சிறு கோடாலியால் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்திய இடம் புண்ணாகி முண்டும் முடிச்சுமாகிவிடும். மறுபடி அங்கே வெட்ட முடியாது. 1890-களில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, பட்டையை மெல்லியதாகச் சீவி எடுக்கும் முறையைச் சோதித்து வளர்த்தார். தொழில் நிலைத்தது அதனால்தான்.

இந்தச் சீவலின் நுட்பம் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு அத்துப்படி. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் கேம்பியம் என்கிற மெல்லிய வளர்திசு இருக்கிறது. பால் குழாய்கள் அதை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கும். ஆழமாக வெட்டினால் பால் கூடும். ஆனால் உளி கேம்பியத்தைத் தொட்டால் மரத்துக்குக் காயம், பட்டை ஒழுங்காக வளராது. மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. ஆகவே கேம்பியத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்னால் உளி நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் சீவ வேண்டும். அதுவும் பொழுது விடியுமுன், வெயில் ஏறாதபோது. பொதுவான முறையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டு. ஒரு பக்கத்துப் பட்டையைச் சில ஆண்டுகள் வெட்டி முடித்து மறுபக்கம் போவார்கள். அதற்குள் பழைய பக்கம் வளர்ந்துவிடும். இப்படி ஒரு மரம் 25, 30 ஆண்டுகள் பால் கொடுக்கும்.

டேலியின் முதல் விதி இதுதான். எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத நம் பாட்டிகள் அதைத் தினமும் உளி முனையில் கடைப்பிடித்தார்கள். அந்த விதியை மீறும் வழியும் அவர்களுக்குத் தெரியும். மரத்தை அழித்து மறுநடவு செய்ய முடிவாகிவிட்டால், கடைசிக் காலத்தில் ஏணி வைத்துக்கூட எல்லாப் பக்கமும் வெட்டி, இருக்கிற பாலை உறிஞ்சிவிடுவார்கள். நாளைக்கு அந்த மரம் வேண்டாம் என்று தெரிந்தால்தான் அப்படி வெட்டலாம். நாளைக்கும் வேண்டிய ஆற்றையும் மலையையும் அப்படி வெட்டினால் என்ன ஆகும்?

இன்னொரு உதாரணம் தைப்பிங் பக்கம் கோல செபெத்தாங்கில் உள்ள மாத்தாங் சதுப்புநிலக் காடு. ஏறக்குறைய 40,000 ஹெக்டேர். 1900-களின் தொடக்கத்திலிருந்து திட்டமிட்டு நிர்வகிக்கப்பட்டு வருகிறது. மரம் வெட்டிக் கரிச்சூளைக்கு அனுப்புகிறார்கள். ஆனால் ஒரு பகுதியை வெட்டினால் மறுபடி அங்கே வெட்ட 30 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கணக்கு எளிது: காட்டை 30 துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். 30-ஆவது துண்டை முடிக்கும்போது முதல் துண்டு வளர்ந்து நிற்கும். சில பகுதிகளை வெட்டாமலே பாதுகாப்புக்கு விட்டுவிடுகிறார்கள். காடும் இருக்கிறது, கரியும் இருக்கிறது, மீனும் நண்டும் சிப்பியும் இருக்கின்றன. நூறாண்டுக்கு மேல் இது நடக்கிறது என்றால், "மேம்பாடு வேணும்னா இயற்கை அழியத்தான் செய்யும்" என்ற பேச்சு உண்மை இல்லை என்று தெரிகிறது.

இரண்டாம் பாடம்: ஈயம் தீர்ந்த பின்

கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய ஈய வயல்களில் ஒன்று. ஈப்போ, பத்து காஜா, கம்பார், கோப்பெங் எல்லாம் ஈயத்தால் எழுந்த ஊர்கள். பத்து காஜா அருகே தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டிய பெரிய ஈயக்கப்பல் இன்றும் காட்சிக்கு நிற்கிறது. போய்ப் பாருங்கள், மண்ணை எவ்வளவு பெரிய வாயால் தின்றிருக்கிறார்கள் என்று புரியும்.

ஈயம் மறுபடி முளைக்காது. அது குமரப்பா சொன்ன தேக்கி வைத்த நீர். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் கையிருப்புப் பணம் தீர்ந்து, இலண்டன் சந்தையில் ஈய வாணிகம் நின்றது. விலை சரிந்தது. கிந்தாவில் லம்பம் லம்பமாக மூடினார்கள். மிச்சம் என்ன? நீர் தேங்கிய குட்டைகள், சத்தெல்லாம் கழுவப்பட்ட மணல் மேடுகள். அந்த மணலில் தண்ணீர் நிற்காது, பயிர் எளிதில் வராது.

இரண்டாம் விதி என்ன சொல்கிறது? தீரும் வளத்தை எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எடுக்கும்போதே அதன் வருமானத்தில் ஒரு பங்கை, தீராத இன்னொன்றாக மாற்று என்கிறது. நோர்வே 1990-இல் சட்டம் இயற்றி, எண்ணெய் வருமானத்தை வருங்காலத்துக்கான நிதியாகச் சேர்க்க வழி செய்தது. எண்ணெய் தீர்ந்தாலும் பேரப்பிள்ளைகளுக்குப் பணம் இருக்கும்.

கிந்தாவில் அப்படி ஒரு நிதி எழவில்லை. ஆனால் பின்னாளில் நல்ல திருப்பம் ஒன்று நடந்தது. துரோனோவை அடுத்து, பழைய ஈய நிலத்தில் 1997-இல் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தொடங்கியது. கம்பாரில் ஈயக்குட்டைகளைச் சுற்றியே துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. மண்ணிலிருந்து உலோகம் எடுத்த இடத்தில் இப்போது அறிவு உருவாகிறது. ஆனால் இடையில் வேலை போன குடும்பங்கள் பல ஆண்டுகள் தவித்தன. வளம் தீருமுன் யோசித்திருந்தால் அந்தத் தவிப்பு குறைந்திருக்கும். இன்று சுண்ணாம்புக்கல் மலைகளைக் குடைந்தெடுக்கும் நமக்கும் அதே கேள்வி உண்டு. மலை போனால் ஈடாக என்ன வைத்திருக்கிறோம்? மலை மறுபடி வளராது. அந்த மலைகளில்தான் நம் குகைக் கோயில்களும், வேறு எங்கும் காணாத சில நத்தைகளும் சிலந்திகளும் இருக்கின்றன.

மூன்றாம் பாடம்: கழிவு எங்கே போகும்?

இதில் ஒரு வெற்றியும் ஒரு பெரிய காயமும் இருக்கின்றன.

முதலில் வெற்றி. 1970-களில் செம்பனை ஆலைகள் பெருகியபோது கழிவுநீர் நேராக ஆற்றுக்குப் போனது. அந்தத் தண்ணீரில் உள்ள கரிமப் பொருளைச் செரிக்க நுண்ணுயிர்கள் ஆற்றின் உயிர்வளியை உறிஞ்சிவிடும், மீன் செத்து மிதக்கும். இதை பி.ஓ.டி. என்ற அளவால் அளப்பார்கள். செம்பனை ஆலைக் கழிவில் சுத்திகரிக்கும் முன் இது லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்குத் தனி விதிமுறை, 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கு இன்னொன்று. செம்பனை ஆலைகளுக்கான வரம்பைப் படிப்படியாக இறக்கினார்கள். 1978-இல் 5,000, அடுத்த ஆண்டு 2,000, பிறகு 1,000, 500, 250 என்று இறங்கி, 1984-இல் 100. ஆலைகள் மூடவில்லை. காற்றில்லாக் குளங்களில் கழிவைச் செரிக்க வைக்கும் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொண்டன. சட்டமும் பொறியியலும் கைகோத்தால் முடியும் என்பதற்கு இது நம் நாட்டுச் சான்று. வேலை இன்னும் முடியவில்லை, அந்தக் குளங்களிலிருந்து மீத்தேன் வாயு எழும்புகிறது. அதைப் பிடித்து மின்சாரம் ஆக்குவது இப்போதைய பொறியாளர்களின் வேலை.

இனி காயம். ஈயம் எடுத்த பின் மிஞ்சும் கனமான மணலை அமாங் என்பார்கள். அதில் மோனசைட் என்ற கனிமம் இருக்கும். மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்கள் எடுக்கலாம். வண்ணத் தொலைக்காட்சித் திரையில் சிவப்பு நிறம் தர உதவிய இட்ரியம் அதில் ஒன்று. இதற்காக 1979-இல் ஏசியன் ரேர் எர்த் நிறுவனம் அமைந்தது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் அதில் பங்குதாரர். ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982-இல் ஆலை இயங்கத் தொடங்கியது. மோனசைட்டில் தோரியமும் உண்டு. தோரியம் கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள். பூமியின் வயதே ஏறக்குறைய 454 கோடிதான். இதை எந்த ஆறு செரிக்கும், எந்த மண் செரிக்கும்? மூன்றாம் விதிப்படி, செரிக்கவே முடியாத கழிவை உண்டாக்குபவர், அதை முழுசாகப் பூட்டி வைக்கும் ஏற்பாட்டை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

1984-இல் கழிவுக் கிடங்கைப் பப்பானில் அமைக்கத் திட்டமிட்டபோது அந்த ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். திட்டம் வேறு இடத்துக்கு மாறியது. 1985-இல் புக்கிட் மேரா மக்கள் எட்டுப் பேர் ஊர் சார்பில் ஈப்போ உயர் நீதிமன்றம் போனார்கள். அந்த அக்டோபரிலேயே நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. 1987-இல் ஆலை உரிமத்தோடு மீண்டும் இயங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் நடந்த ஓபராசி லாலாங் கைதுகளில் இந்தப் போராட்டத்தின் முன்னணியினரும் இருந்தார்கள். வழக்கு விசாரணை 1990 வரை நீண்டது. குழந்தைகளின் உடல்நலம் கெட்டது என்று மக்கள் தரப்பு சொன்னது. ஆலையால் தீங்கில்லை என்று நிறுவனம் சொன்னது. 1992 ஜூலை 11-இல் உயர் நீதிமன்றம் மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ரியோ மாநாடு முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994 ஜனவரியில் நிறுவனம் ஆலையை மூடுவதாக அறிவித்தது. அதன் பிறகு ஆலையை இடித்து, கழிவைக் கிளேடாங் மலைத்தொடரில் நிரந்தரமாகப் புதைக்கும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. அதற்கு ஏறக்குறைய 10 கோடி அமெரிக்க டாலர் ஆகும் என்று 2011-இல் செய்தி வெளியானது.

ரியோ கோட்பாடுகளில் நாலை இந்த ஒரு வழக்கிலேயே படித்துவிடலாம்.

மூன்றாம் கோட்பாடு தலைமுறை நீதி. 1,400 கோடி ஆண்டுக் கழிவுக்குச் சில ஆண்டு இலாபம் ஈடாகுமா?

பத்தாம் கோட்பாடு மக்கள் பங்கேற்பு. கிடங்கு எங்கே வரப்போகிறது என்பதைக் குழி தோண்டிய பிறகுதான் ஊர் அறிய வேண்டுமா?

பதினைந்தாம் கோட்பாடு முன்னெச்சரிக்கை. பெரிய, திருத்த முடியாத தீங்கு வரலாம் என்றால், அறிவியல் நூறு சதவீதம் உறுதியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை, முன்பே தடுக்கலாம்.

பதினாறாம் கோட்பாடு மாசுபடுத்தியவர் செலவேற்பது. செலவை ஊர் மக்கள் தலையில் கட்டக் கூடாது.

நம் நாட்டில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கும் ஆணை 1987-இல் பிறப்பிக்கப்பட்டு 1988 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. புக்கிட் மேரா ஆலை எழுந்தபோது அது இல்லை.

நான்காம் பாடம்: மனிதர்கள்

டேலியின் மூன்று விதிகளும் மண்ணையும் நீரையும் பற்றியவை. ஆனால் நீடித்த மேம்பாட்டுக்குப் பொருளாதாரம், சுற்றுச்சூழல், சமுதாயம் என்று மூன்று கால். மூன்றாவது கால்தான் நம்மவர்களுக்கு ஒடிந்தது.

ரப்பர் தோட்டத்தில் வேலையோடு சேர்த்துத்தான் எல்லாம் கட்டப்பட்டிருந்தது. லயத்து வீடு, ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், மயானம். நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். 1950-களில் பிரிட்டிஷ் முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். இந்தத் துண்டாடலை ஆராய்ந்து பேராசிரியர் உங்கு அசீஸ் 1962-இல் ஒரு பெரிய அறிக்கையே எழுதினார். நிலம் கைமாறும், மரம் கைமாறும், பத்திரத்தில் தொழிலாளியின் பெயர் மட்டும் இருக்காது.

அப்போது ஒரு மாற்று வழி காட்டியவர் நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களே சிறு சிறு தவணையாகப் பணம் போட்டுப் பங்கு வாங்கச் சொன்னார். அந்தப் பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டங்களையே வாங்கியது. 1961-இல் கெடாவில் வாங்கிய புக்கிட் சீடிம் தோட்டம்தான் முதல் தோட்டம். நாள் கூலி வாங்கிய கையில் நிலப்பங்கு வந்தது.

இதை நீடித்த மேம்பாட்டின் பாடமாகவே பார்க்கிறேன். தனியாக ஒரு தொழிலாளி ஓர் ஏக்கர்கூட வாங்க முடியாது. பல்லாயிரம் பேர் சேர்ந்தால் ஒரு தோட்டமே வாங்கலாம். உடைமை இருந்தால்தான் முடிவெடுக்கும் மேசையில் இடம் கிடைக்கும். ஆனால் எல்லாத் தோட்டத்தையும் சங்கத்தால் காப்பாற்ற முடியவில்லை. பின்னர் ரப்பர் செம்பனையாக மாறியது. செம்பனைக்கு அவ்வளவு ஆள் தேவைப்படவில்லை. பட்டணத்தை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதியாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறின. காகிதத்தில் பார்த்தால் நில மதிப்பு ஏறியது, உற்பத்தி ஏறியது. ஆனால் ஒரு சமூகம் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்ந்த பழக்கம், பள்ளி, கோயில், பக்கத்து வீட்டு உதவி எல்லாம் சிதறிப் போனது எந்த வரவு செலவிலும் எழுதப்படவில்லை. பட்டணத்து ஓரங்களில் நம் இளைஞர்கள் படுகிற சிரமத்துக்கு வேர் அங்கேயும் இருக்கிறது. புருண்ட்லாண்ட் சொன்ன "பின்னால் வருபவர்கள்" யார் என்று தேட வேண்டாம். அந்தத் தோட்டங்களின் பின் தலைமுறை நாம்தான்.

இளைஞர்கள் செய்யக்கூடியது

மரக்கன்று நடுவதை விட்டுவிடாமல், இவற்றையும் சேர்த்துக்கொள்வோம்.

முதலாவது, உங்கள் வட்டாரத் திட்டத்தைப் பாருங்கள். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, வட்டாரத் திட்ட வரைவைப் பொதுப் பார்வைக்கு வைத்து மக்களின் ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். அந்த வரைபடத்தில் உங்கள் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் மயானமும் எந்த நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றன? வீடமைப்பு நிலமாகவா, வழிபாட்டு இடமாகவா? புல்டோசர் வந்த பிறகு கூடுவதை விட, வரைவு வெளியானபோது ஒரு கடிதம் எழுதுவது மேல்.

இரண்டாவது, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் படிக்கப் பழகுங்கள். 2015 ஆணையின் இரண்டாம் அட்டவணையில் வரும் பெரிய திட்டங்களின் அறிக்கை பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்படும். பொறியியல், சட்டம், உயிரியல் படிக்கிறவர்கள் நம் கிளைகளில் இருக்கிறோம். ஆளுக்கு ஓர் அத்தியாயம் படித்து, எளிய தமிழில் ஊருக்குச் சொல்லலாம். இரவு முழுக்க விழித்து அசைன்மெண்ட் எழுதுகிற நமக்கு இது முடியாத வேலை இல்லை.

மூன்றாவது, கோயிலிலிருந்தே கணக்கைத் தொடங்குங்கள். கல்லுமலை தைப்பூசத்துக்குப் பிறகு எவ்வளவு பால் பொட்டலமும் பாலித்தீனும் மிஞ்சுகின்றன என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். பேசுவதை விட்டு எடை போடுவோம். உங்கள் கோயில் திருவிழாவின் குப்பையை வகை பிரித்து நிறுத்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டும் எழுதுங்கள். குறைந்ததா கூடியதா என்று அந்த எண் சொல்லும். அளக்காததைக் குறைக்க முடியாது.

நான்காவது, தோட்டத்தின் வரைபடத்தை வரையுங்கள். உங்கள் பாட்டி தாத்தாவை உட்கார வைத்து, லயம் எங்கே, பெரட்டுக்களம் எங்கே, பால் ஸ்டோர் எங்கே, கோயில் எங்கே, கிணறு எங்கே என்று கேட்டு ஒரு தாளில் வரையுங்கள். ஆண்டையும் எழுதுங்கள். பிற்காலத்தில் ஒரு நில வழக்கு வந்தால் அது தேடப்படும் தாளாக இருக்கலாம். இன்று அவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.

ஐந்தாவது, சேர்ந்து சேமியுங்கள். 1960-இல் தோட்டத் தொழிலாளர்களால் முடிந்தது, இன்று சம்பளம் வாங்கும் பட்டதாரிகளால் முடியாதா? ஒரு கிளையின் 30 பேர் மாதம் 20 வெள்ளி போட்டால் ஆண்டுக்கு 7,200 வெள்ளி. ஒரு மாணவரின் பல்கலைக்கழகச் சேர்க்கைச் செலவுக்கோ, கோயில் கூரையில் சூரியத் தகடு போடத் தொடக்கப் பணமாகவோ அது உதவும்.

கிளை வகுப்பில் கலந்து பேச

1. உங்கள் ஊரில் இப்போது நடக்கும் ஒரு மேம்பாட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது டேலியின் எந்த விதியைத் தொடுகிறது? இலாபம் யாருக்கு, செலவு யாருக்கு?

2. புக்கிட் மேரா ஆலை வேலை கொடுத்தது, வரி கொடுத்தது. அந்த ஊரில் நீங்கள் ஆலைத் தொழிலாளியாக இருந்திருந்தால் 1985-இல் எந்தப் பக்கம் நின்றிருப்பீர்கள்? இரண்டு பக்கத்து நியாயத்தையும் சொல்லிப் பாருங்கள்.

3. செம்பனைக் கழிவுநீர் வரம்பை ஒரே நாளில் 100-க்கு இறக்காமல் ஆறு ஆண்டுகளில் இறக்கியது சரியா? கோயில் திருவிழாவில் நெகிழிப்பையை நிறுத்த நாம் எந்த வழியைப் பின்பற்றலாம்?

4. முன்னோர் கடனை அடுத்த தலைமுறையிடம் அடைக்கிறோம் என்றால், இன்னும் 30 ஆண்டுகளில் நம் பிள்ளைகள் கையில் நாம் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய மூன்று பொருள்கள் எவை? நிலம், பள்ளி, ஆறு, மொழி, தொழில், எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் இந்த ஆண்டு செய்ய வேண்டிய ஒரு வேலையை எதிரே எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.